மல்லிகாவின் உயரம்

வேலையை விட்டு வந்த பிறகும் ஆட்களை அளந்து பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. பள்ளிகொண்டாவில் பஸ்ஸுக்காக நிற்கிறேன், எதிரே ஒரு பூக்காரம்மா வந்து நிற்கிறார், என் கண் தன்பாட்டுக்கு அவர் தலையில் தொடங்கிப் பாதம் வரை இறங்கி ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. மார்கழியில் பக்கத்து வீட்டு விஜயாவுக்குத் துணையாக ரங்கநாதர் கோயிலுக்குப் போனேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் அந்த மங்கல் வெளிச்சமும் குளிர்ந்த கல்லும் துளசி வாசனையும் எனக்குப் பிடிக்கும். விஜயா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். நான் படுத்திருக்கும் பெருமாளை முடியிலிருந்து திருவடி வரை அளந்து, இந்த மார்புக்கு எவ்வளவு காற்று வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "சாமியக்கூட உட மாட்டியா நீ?" என்றாள்.

என் வேலை அப்படி. வேலூரில் ஒரு மருத்துவமனையில், நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். எங்கோ ஒருவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டு, அந்த அழுகைக்கு நடுவிலும் அவர் வீட்டார் சரி என்று தலையாட்டினால்தான் எங்களுக்கு ஒரு ஜோடி நுரையீரல் வரும். வருவது ஒரு ஜோடி. அதை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பலர். யாருக்கு என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் அதைச் சொல்வது என் பாடு.

போன வாரம் ஜெனிஃபர் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "அக்கா, இப்பல்லாம் கம்ப்யூட்டரே மார்க் போட்டுக் குடுத்துடுது. ஆனா ரெண்டு பேருக்கு ஒட்டி ஒட்டி மார்க் வந்துச்சுன்னா மனசு பேஜாராயிடுதுக்கா. நீங்கள்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நாங்களும் பேஜாரானவர்கள்தான் என்று சொல்லிப் போனை வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மின்விசிறி சுற்றியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில், நுரையீரல் கிடைக்காமல் போனவர்கள் வருவார்கள், மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மிஷினின் அந்த மெல்லிய புஸ் புஸ் சத்தத்தோடு, ஒருவர் பின் ஒருவராக. எனக்கு அதில் பயமில்லை. அவர்களில் எப்போதும் முதலில் வருகிறவள் மல்லிகா.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். நர்சிங் முடித்து, வார்டு வார்டாகச் சுற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று நின்று கால் வீங்கிய கதை எல்லா நர்ஸுக்கும் உள்ளதுதான். இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் குரலாம். கெட்ட செய்தியைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் போனை வைக்காமல் கேட்பாராம். இதையெல்லாம் ஒரு தகுதி என்று எடுத்துக்கொண்டு வேலை கொடுத்த இடம் உலகத்தில் வேறு இருக்காது.

அப்படி என்னை எடுத்தவர் டாக்டர் அருளப்பன், மார்பு அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். அவர் பேசும் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் அவரிடம் ஒரே கறார். நோயாளியின் பேரைச் சொல்லக் கூடாது. ஊர், தொழில், பிள்ளை குட்டி எதுவும் வரக் கூடாது. ரத்த வகை சேர வேண்டும். உயரம் சேர வேண்டும், ஏனென்றால் உயரத்துக்கேற்பத்தான் நெஞ்சுக்கூடு. அதன் பிறகு, யார் இது இல்லாமல் சீக்கிரம் போய்விடுவார், யாருக்கு வைத்தால் பிழைத்து எழுந்திருப்பார் என்ற கணக்கு. அதிலும் சமமாக இருந்தால் மட்டும் யார் முதலில் வந்து காத்திருந்தார் என்று பார்ப்பார்.

"கதை வேணாம். காத்து எவ்வளவு போதல, அதச் சொல்லுங்க" என்பார்.

யாராவது வாய் தவறி, சார், இவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க என்று சொல்லிவிட்டால் போதும், எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். அந்த வாக்கியம் அறையை விட்டு வெளியேறும் வரை மலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பார். நாங்கள் பேனாவை உருட்டிக்கொண்டு காத்திருப்போம்.

இப்படிப்பட்டவர், எல்லாம் முடிந்து, ஆபரேஷனும் ஆன பிறகு என்னைக் கூப்பிடுவார். "ரூபி, இப்பக் கதையச் சொல்லுங்க" என்பார். கிடைத்தவரின் கதையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கிடைக்காதவரின் கதையைத்தான் கேட்பார். வீடு எங்கே, யார் பார்த்துக்கொள்கிறார்கள், என்ன வேலை செய்தார், எதற்குச் சிரிப்பார் என்று நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். ஏன் சார் இந்த வழக்கம் என்று ஒருமுறை கேட்டேன். "கேக்காம போய்ட்டா அவங்க வெறும் கணக்காவே போய்ட்ற மாதிரி இருக்கும்மா" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நோயாளியின் அளவில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் உயரத்தை அவரே அளப்பார். மற்றவர்கள் அளந்திருந்தாலும் சரி. தரையில் மண்டியிட்டு, நோயாளியின் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு, மேலே என்ன அளவு என்று என்னைப் படிக்கச் சொல்வார். நரைத்த தலையோடு ஒரு பெரிய டாக்டர் காலடியில் உட்கார்ந்தால் நம்ம ஜனங்கள் பதறிப்போவார்கள்.

மல்லிகாவும் பதறினாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் ஒட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். நாற்பதை நெருங்கும் வயசு. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் நோய். எதனால் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத வகை. ஆள் ரொம்பக் குள்ளம். கூடவே வரும் கணவர் தனபால் வேறொரு கம்பெனியில் சாம்பிள் செய்கிறவர், அதாவது வெளிநாட்டு ஆர்டருக்கு அனுப்பிக் காட்ட முதல் ஜோடியைத் தைப்பவர். குழந்தை இல்லை. ஒருவரையொருவர் பிள்ளையாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

குள்ளமானவர்களுக்கு நுரையீரல் கிடைப்பது கஷ்டம். வருவதெல்லாம் பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்களுடையது. நான் தனபாலுக்குப் போன் செய்து, வந்துச்சு, ஆனா அளவு சேரல என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை கசந்துபோயிற்று. "சைஸுதான் பிரச்சனையா சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். அந்தச் சரிங்கவுக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு மல்லிகா காலில் கெட்டிக் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். பாதம் சில்லிட்டுப்போகிறது, கழற்ற முடியாது என்றாள். புடவை தரையைத் தொட்டது. சாருக்குக் கீழே வேலை பார்த்த சின்ன டாக்டர் அளந்து பார்த்து, பழைய அளவு தப்பு போல, மூச்சுத் திணறலில் அன்றைக்குக் குனிந்து நின்றிருப்பார் என்று திருத்தி எழுதினார். அருளப்பன் சார் இரண்டு அளவையும் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து மல்லிகாவைப் பார்த்தார்.

"இந்த வயசுல யாரும்மா வளர்றாங்க?" என்றார்.

சொல்லிக்கொண்டே மண்டியிட்டார். மல்லிகா காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாம் சார். காலத் தொடாதீங்க."

"உயரம் அங்கதாம்மா ஆரம்பிக்குது."

குதிகாலைப் பிடித்தவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பச்சைப் பிள்ளைக்குச் செய்வது போல் சாக்ஸைக் கழற்றினார். உள்ளே குதிகாலுக்கு அடியில் ஒரு ஆப்பு. ரப்பர் பஞ்சை வெட்டி, மேலே மெல்லிய ஆட்டுத்தோல் போர்த்தி, சாக்ஸோடு சேர்த்துத் தைத்திருந்தது. காலுக்கு உறுத்தாமல், நின்றால் சரியாமல், வெளியே துளிகூடத் தெரியாமல். ஆம்பூர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது, வந்தாலும் கை வராது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லா இருக்கு" என்றார். கதவருகே தனபால் வியர்த்துப்போய் நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எட்டாம் நம்பர் காலை அஞ்சாம் நம்பர் ஷூவுல போட்டா என்னாகும்?"

"நடக்க முடியாது சார். தையல் பிரிஞ்சிடும்."

"இங்க பிரிஞ்சா?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "பெரிய நுரையீரல இந்தச் சின்ன மார்புல வெச்சா மூட முடியாது. மூடினாலும் அது விரியாது. நானே உங்க சம்சாரத்தக் கொன்ன மாதிரி ஆயிடும்."

தனபால் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார், தப்புப் பண்ணது நான். அவ பேர எடுத்துடாதீங்க சார்."

"பேர எடுக்கலப்பா. உயரத்த மட்டும்தான் எடுத்தேன்" என்றார் சார். அந்த ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டேதான் அடுத்த நோயாளியின் அறைக்குப் போனார்.

அதன் பிறகு ஐப்பசி வந்தது. நல்ல மழை. ஒருநாள் காலையில் சென்னையிலிருந்து போன். மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்மணி, குள்ளமானவர், வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது எப்படிப்பட்ட காலை என்று நான் நினைக்காமல் இருந்ததில்லை. அன்றும் நினைத்துக்கொண்டேதான் நோயாளிகளின் விவரங்களை எடுத்தேன். அந்த ரத்த வகைக்கும் உயரத்துக்கும் எங்களிடம் இரண்டு பேர் பொருந்தினார்கள். ஒருவர் மல்லிகா. இன்னொருவர் குடியாத்தத்தைச் சேர்ந்த கலாவதி டீச்சர். டீச்சர் ஏற்கெனவே எங்கள் வார்டில்தான் படுத்திருந்தார்.

கூட்டம் கூடியது. வழக்கப்படி பேர் இல்லை; டீச்சர் ஒன்று, மல்லிகா இரண்டு என்றுதான் பேச்சு. சின்ன டாக்டருக்குத் தான் ஏமாந்த கோபம் ஆறவில்லை. "சார், ரெண்டாவது ஆளு உயரத்துல ஏமாத்துனவங்க. அதையும் கணக்குல எடுக்கணும் இல்லையா?" என்றார். சார் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு மல்லிகா மேல் இரக்கம். "அதே சமயம் அவங்கதான் ரொம்ப நாளா காத்திருக்காங்க" என்றார். அதற்கும் சார் திரும்பவில்லை. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. அந்த அமைதியில் மழை கண்ணாடியில் வழிவது மட்டும் கேட்டது. எனக்கு அந்தக் காட்சி ஏதோ தண்ணீருக்கடியில் நடந்தது போலத்தான் இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஏமாத்துனதுக்குத் தண்டனையும் கெடையாது, பாவப்பட்டதுக்குப் பரிசும் கெடையாது. காத்திருந்தது கடைசியில வரும். மொதல்ல காத்து. எவ்வளவு போதல?"

சொன்னோம். முதலாமவருக்கு அந்த வாரம் ஆக்சிஜன் தேவை கிடுகிடுவென்று ஏறியிருந்தது, உதடு நீலம் பாரித்துவிட்டது, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. இரண்டாமவர் வீட்டில் உட்கார்ந்தபடி ரசம் வைக்கிறார், மிஷினோடு வாசல் வரை நடக்கிறார். மற்ற எல்லாவற்றிலும் இருவரும் ஏறக்குறைய சமம். டீச்சருக்கு என்று முடிவாயிற்று. மாற்றாக மல்லிகாவையும் வரவழைக்கச் சொன்னார்கள். முதலாமவருக்குக் காய்ச்சல் கண்டாலோ, கடைசி ரத்தப் பரிசோதனை சேராவிட்டாலோ வந்தது வீணாகிவிடக் கூடாது என்பதற்காக இப்படி ஒருவரைத் தயாராக வைப்பது வழக்கம். இந்த வழக்கத்தைப் போல் மனசை அறுப்பது வேறில்லை. ஆனாலும் வேண்டும்.

மழையில் கார் பிடித்து ஆம்பூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். போனில் சொன்னதையே நேரிலும் மறைக்காமல் சொன்னேன். "ரெண்டாவது ஆளாத்தான் கூப்ட்டிருக்கோம்" என்றேன். "சான்ஸ் இருக்கா சிஸ்டர்?" என்று தனபால் கேட்டார். "இருக்கு. ஆனா கம்மி" என்றேன். தலையாட்டினார்.

அன்றைக்கென்று வேறு இடம் இல்லாமல் இரண்டு பேரையும் ஒரே அறையில், நடுவில் ஒரு திரை போட்டுப் படுக்க வைத்திருந்தோம். இரண்டு பேர் மூக்கிலும் ஆக்சிஜன். கொஞ்ச நேரத்தில் இரண்டு சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆள் மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. மல்லிகா என்னிடம் சைகை காட்டினாள். திரையை விலக்கினேன்.

"நீங்க… இன்னா வேல பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"டீச்சர்…" டீச்சர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சுத் தேடினார். "மூணாங்கிளாஸ்… நீங்க?"

"ஷூ கம்பெனி."

"அப்ப… ஒக்காந்தே… வேலையா?"

"எங்க டீச்சர்… நின்னுக்கிட்டேதான்."

"நானும்தான்" என்றார் டீச்சர். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, நான் ஓடிப்போய் இரண்டு பேர் முதுகையும் மாறி மாறித் தடவ வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாலையில் போலீஸ் வழி ஒதுக்கிக்கொடுக்க, சென்னையிலிருந்து நுரையீரல் வைத்த ஐஸ் பெட்டி வந்துகொண்டிருந்தது.

டீச்சருக்குக் காய்ச்சல் இல்லை. ரத்தமும் சேர்ந்துவிட்டது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது மல்லிகா கையைத் தூக்கினாள். "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றாள். கதவு மூடியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், கார்ல வரும்போது… மொதல் ஆளுக்கு ஜொரம் வரணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

"அப்புறம்?"

"அவங்களப் பாத்தப்புறம்… வேண்ட முடியல."

அவள் நெற்றியில் கை வைத்தேன். தனபால் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார். யார் மேலும் குரலை உயர்த்தவில்லை. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மனைவியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்து போனார்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது, அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ரூபி, கதையச் சொல்லுங்க." சொன்னேன். தோல் பதனிடும் தெருவின் வாடை ஆகாது என்று தனபால் ஏரிப் பக்கம் வீடு மாற்றியதைச் சொன்னேன். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டுவது, கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடுமே என்று சாப்பாட்டு வேளையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்ப்பது, இருமல்காரர் யாரையும் படியேற விடாததால் சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அறுக்கிறது என்று பூப்போன்ற தோலில் இரண்டு சின்ன உறை தைத்துப் போட்டிருந்தார், அதையும் சொன்னேன்.

"போதும்மா" என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதிக் கதையில் அவர் என்னை நிறுத்தியது அது ஒருமுறைதான்.

டீச்சர் பிழைத்து மறுபடி பள்ளிக்கூடம் போனார். மல்லிகாவுக்குப் பொங்கல் கழிந்து ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சலைத் தாங்கும் நிலையில் அவள் நுரையீரல் இல்லை. அந்த அளவில் இன்னொன்று வரவும் இல்லை. அவள் போனதும் துணிகள் அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நியாயமாகத்தான் நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

இந்த மாசியில் தங்கை மகளைப் பார்க்க ஆம்பூர் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், ஷிப்ட் விட்டுக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் போய்க்கொண்டிருந்த மாலை வெயிலில், "ரூபி சிஸ்டர்தானே?" என்று ஒரு குரல். தனபால். தலை முழுக்க நரைத்துவிட்டது. வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ வாங்கி வந்தார்.

"அந்த டீச்சர் இருக்காங்களா சிஸ்டர்?"

ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாதுதான். "நல்லா இருக்காங்க" என்றேன்.

"நல்லா இருக்கட்டும். மல்லிகா கடைசி வரைக்கும் அவங்களப் பத்திப் பேசுவா." டீயை ஆற்றினார். "ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா உள்ளயே இருக்குது. அவ சாவு வீட்லயே அவ அண்ணன் எல்லார் முன்னாடியும் சொன்னான், நீ ஒழுங்காப் பாத்துக்கல, அதான் என் தங்கச்சி போய்ட்டான்னு. அது அப்படியே தங்கிடுச்சு சிஸ்டர். அன்னிக்கி டீச்சருக்குக் குடுத்தீங்களே, இவ அவங்கள விடக் கொஞ்சம் தெம்பா இருந்ததாலதானே?"

"ஆமா."

"அந்தத் தெம்பு… நான் பாத்துக்கிட்டதால வந்ததா?"

என்னுடைய அந்தப் பேர்பெற்ற குரல் தொண்டை வரை வந்துவிட்டது. அப்படியெல்லாம் இல்லப்பா, எல்லாம் கடவுள் சித்தம் என்று மெத்தென்று ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமா தனபால். நீங்க நல்லாப் பாத்துக்கிட்டதாலதான் அவளுக்குக் கெடைக்கல."

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் திரண்டு வழிந்தது, துடைக்கவில்லை. பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான் அவள நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் சிஸ்டர்" என்றார்.